போர்டுக்குப் பின்னால் ஒரு போர்டு!

குடியாத்தம் பஜாரில் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு காலை ஆறே முக்காலிலிருந்து எட்டரை வரை நின்று பாருங்கள். நீங்கள் யார் என்பதை ஊரே கூடிக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

பால் பாக்கெட்டோடு போனவர் என்னை முனிசிபாலிட்டி என்றார். "சொத்து வரி ஏத்தறதுக்குத்தானே சார் அளவு எடுக்கறீங்க?" அளவெடுக்க டேப் வேண்டாமா என்று கேட்டேன். "இப்பல்லாம் போட்டோவுலயே எடுத்துடறாங்களாமே!" என்றார். பூக்காரம்மா, நான் பாங்க்கிலிருந்து ஜப்திக்கு வந்திருப்பதாகத் தீர்ப்பு சொன்னார். எந்தக் கடை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும்படி கெஞ்சினார். சைக்கிளில் வந்த பையன், "ஷூட்டிங்கா அண்ணே? ஹீரோ யாரு?" என்றான். இந்தக் கட்டடம்தான் ஹீரோ என்றேன். பெல் அடித்துவிட்டுப் போய்விட்டான். கடைசியாக ஒரு பெரியம்மா கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "மாப்ள வீட்டுக்காரங்களா? சொத்து விசாரிக்க வந்தீங்களா? நல்ல குடும்பம்தான். ஆனா கேஸு ஒண்ணு கீது" என்றார்.

சிரித்துவிட்டேன். அந்தக் கேஸில் நானும் சேரப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

நான் வந்தது கடைகளைப் படம் பிடிக்க. கடையில் இருக்கிற சாமானை அல்ல, கட்டடத்தை. சின்ன ஊர் பஜார்களில் எழுபது எண்பது வருஷத்துக்கு முன் கட்டிய கடைகளின் முகப்பை, மாறுவதற்குள், அல்லது மாறிக்கொண்டிருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்று ஒரு பைத்தியம். "இதுக்கு யாராவது காசு குடுக்கறாங்களா?" என்று வீட்டில் பல வருஷமாக ஒரே கேள்வி. நானும் பல வருஷமாக ஒரே பதில்தான் சொல்லி வருகிறேன்: "சாப்பாட்டுக்குள்ள வந்துடுவேன்."

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ரயிலிலும் வரலாம். ஆனால் ஸ்டேஷனில் ஊர்ப் பேர் மட்டும்தான் இருக்கும், ஊர் இருக்காது. அது தள்ளி இருக்கிறது. ஊருக்கு நடுவே கவுண்டன்யா மகாநதி. பேரில் இருக்கிற 'மகா' ஆற்றில் முக்கால்வாசி நாள் இருக்காது. ஆனால் வந்தால் வரும். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கரையோரத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, ஆக்கிரமிப்பு என்று ஆற்றோரத்து வீடுகளை வரிசையாக இடித்தார்கள். கையில் எதையாவது வைத்துக்கொண்டு கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறவனைக் கண்டால் இந்த ஊருக்கு ஏன் முதலில் முனிசிபாலிட்டி ஞாபகம் வருகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

குடியாத்தம் என்றால் லுங்கி. தெற்கே இதையே கைலி என்பார்கள். அடுத்தது தீப்பெட்டி. 'குட்டி சிவகாசி' என்று பட்டப்பேரே உண்டு. அப்புறம் பீடி. சுற்றுவட்டாரத்தில் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல். ஆற்றோரத்தில் ஒரு பகுதிக்குப் பேர் பாவோடும்தோப்பு. தறிக்குப் போகிற பாவை மர நிழலில் நீளமாக இழுத்துக் கட்டிய இடம் என்று பேரே சொல்கிறது. 1954-ல் முதலமைச்சர் ஆகிவிட்ட காமராஜர் சட்டசபைக்குள் போக இடைத்தேர்தலில் நின்று ஜெயித்ததும் இங்கேதான். "1947-ல செங்கோட்டையில ஏத்தின கொடி எங்க ஊர்த் தறியில நெஞ்சது சார்" என்று டீ மாஸ்டர் சொன்னார். சந்தேகப்பட்டால் டீ கிடைக்காது போலிருந்தது. நம்பினேன்.

பஜாரில் நடந்தால் முதல் பார்வைக்கு எல்லாம் புதுசு. ஃபிளெக்ஸ், கண்ணாடி, பளபளவென்று அலுமினிய ஷீட் (கடைக்காரர்கள் பாஷையில் ஏ.சி.பி.), ராத்திரியானால் எரிகிற எல்.ஈ.டி. எழுத்து, பணம் வந்தவுடன் தெருவுக்கே கேட்கிற மாதிரி தொகையை அறிவிக்கிற சின்னப் பெட்டி. கழுத்தை மட்டும் கொஞ்சம் மேலே தூக்குங்கள். போர்டுக்கு மேலே வேறு ஊர் ஒன்று இருக்கும். சுண்ணாம்பில் பிடித்த தாமரை, மூக்கு உடைந்த சிங்கம், ஒரு கடையில் 'சிவமயம்', பக்கத்துக் கடையில் 786, நடுவில் ஒரு வருஷம். அரச மரம் ஒன்று சிங்கத்தின் காதிலிருந்து முளைத்திருக்கும்.

இவற்றை யாரும் அழகுக்காக விட்டுவைக்கவில்லை. இத்தனை வருஷ அலைச்சலில் நான் கற்றுக்கொண்டது இது. பழைய கடை நிற்பதற்கு பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, வாடகை. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, தாத்தா காலத்து வாடகையைப் பேரன் கொடுத்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர் ரிப்பேர் பண்ண மாட்டார், குடியிருப்பவர் காலி பண்ண மாட்டார். கட்டடம் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது. 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போடு, பதிவு பண்ணு என்கிறது. வாடகை ஏறினால் முகப்பு மாறும். இரண்டாவது காரணம், பங்காளிச் சண்டை. கேஸ் நடக்கிற கட்டடத்தில் ஒரு ஆணி அடிக்க முடியாது. தமிழ்நாட்டுப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றியதில் தொல்பொருள் இலாகாவை விட முன்சீப் கோர்ட்டுக்குப் பங்கு அதிகம் என்று தைரியமாகச் சொல்வேன்.

நான் நின்றுகொண்டிருந்ததும் அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் முன்னால்தான்.

கீழே லுங்கிக் கடை. மேலே மரக் கிராதி போட்ட மாடி வராந்தா. அதற்கும் மேலே கைப்பிடிச் சுவரில் இரண்டு சிங்கங்களுக்கு நடுவே 1938. கிழக்குப் பார்த்த கடை, காலை வெயில் நேராக முகத்தில் விழுந்தது. இதைவிட என்னைச் சொக்க வைத்தது கதவு. ஷட்டர் கிடையாது, பலகைக் கதவு! மேலே உத்தரத்தில் ஒரு காடி, கீழே வாசற்படியில் ஒரு காடி. அதில் ஒவ்வொரு பலகையாகச் செருகி நகர்த்திக்கொண்டே போய், கடைசிப் பலகைக்கு மேல் இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்ட வேண்டும். வரிசை தப்பினால் கடைசிப் பலகை நுழையாது. அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் கீறி நம்பர் போட்டிருப்பார்கள்.

எட்டரைக்குப் பெரியவர் வந்தார். எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். என்னைப் பார்த்தார். காமிராவைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. பன்னிரண்டாம் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அந்தச் செவுத்தாண்ட சாத்துங்க" என்றார். பதினொன்று, பத்து என்று நானும் வாங்கி வாங்கிச் சாத்தினேன். கடையில் புதுசாகச் சேர்ந்த பையனுக்கு முதல் வேலை இதுதானாம். நான் சேர்ந்துவிட்டேன்.

ஏழாம் பலகை மட்டும் வேறு மரம், எடையே இல்லை. "அத ஒருத்தன் திருடிக்கினு போய்ட்டான் சார். நான் சின்னப் பையனா இருக்கச் சொல்ல. ஒரே ஒரு பலகை. உள்ளார அத்தினி லுங்கி இருக்குது, அத உட்டுட்டு பலகையத் தூக்கிக்கினு போறான்னா, மரம் எப்படிப்பட்ட மரமா இருந்திருக்கணும் பாத்துக்குங்க!" திருடன் மேல் அவருக்குக் கோபம் இருப்பதாகவே தெரியவில்லை. ரசனையுள்ளவன் என்று மரியாதைதான் இருந்தது.

உள்ளே கூப்பிட்டு, கூரையைக் காட்டினார். மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் சின்னச் சின்ன செங்கல்லை நிற்க வைத்துக் கோணலாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். அப்படித் தட்டிய தளத்தில்தான் இந்தக் கடை இத்தனை வருஷம் தலை நனையாமல் இருந்திருக்கிறது. "நைனா கட்டினது. சரக்கு ரங்கூனுக்குப் போன துட்டு" என்றார் பெரியவர். அப்புறம் குரல் மாறியது. "நீங்க நல்லா எடுப்பீங்களா?"

எந்தப் போட்டோக்காரனும் இதற்கு இல்லை என்று சொன்னதில்லை.

"அப்படின்னா அந்த வருஷத்த எடுங்க. மாடியும் வருஷமும் ஒண்ணா தெரியணும். சிங்கம் வேணாம். கிராதி கிராதின்னு எடுத்துக்கினு இருந்தீங்களே, அதுவும் வேணாம்."

விஷயம் இதுதான். கட்டடம் இவருக்கும் தம்பிக்கும் சேர்ந்தது. வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி காலமாகிவிட்டார். தம்பி பிள்ளைகள், மாடியை எங்கள் அப்பா 1962-ல் தன் சொந்தக் காசில் கட்டினார், ஆகவே மாடி முழுக்க எங்களுடையது என்கிறார்கள். பெரியவர், மாடியும் கீழும் ஒரே நாளில் நைனா கட்டியது என்கிறார். சாட்சி? மாடிக்கு மேலே இருக்கிற 1938! இப்போது மாடியை ரெடிமேட் ஷோரூமுக்கு வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார்கள். கட்டக்கூடாது, இடிக்கக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறதாம். போர்டு மாட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஏ.சி.பி. ஷீட் வருகிறது. மாடி, வராந்தா, சிங்கம், வருஷம் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விடும். "கமிஷனர் போட்டுப் பாக்கலாம்னு வக்கீல் சொல்றாரு. அவரு வர்றதுக்குள்ள இவனுங்க சிமெண்ட்ட பூசிட்டா?"

பேரன் செல்போனில் எடுத்த படத்தையும் காட்டினார். கட்டடம் குடித்துவிட்டு நிற்கிற மாதிரி சாய்ந்திருந்தது. கரண்ட் ஒயரும் கேபிள் ஒயரும் குறுக்கே போய் 1938 என்பது 1988 போலத் தெரிந்தது. எதிர்க்கட்சி வக்கீலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

உங்களுக்கும் உபயோகப்படும், சொல்லிவைக்கிறேன். கடையைக் கீழே நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். எதிர்க்கடை மாடிக்குப் போங்கள். காமிராவும் கட்டடத்தின் நடுப்பகுதியும் ஒரே உயரத்தில் இருந்தால் கோடெல்லாம் நேராக நிற்கும். ஒயர்கள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடும். அளவு தெரிய ஏதாவது ஒரு பொருளைப் பக்கத்தில் வையுங்கள். நான் தீப்பெட்டி வைப்பேன். இந்தியா முழுக்க ஏறக்குறைய ஒரே சைஸ். 2021 டிசம்பரில் விலைதான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது, அதுவும் பதினான்கு வருஷத்துக்கு அப்புறம்.

எதிர்க்கடை ஒரு செல்போன் கடை. அங்கேயும் அன்றைக்கு போர்டு மாற்றம்! தீபாவளிக்கு ஒரு மாசம் இருந்தால் பஜாரில் பாதிக் கடைகள் முகம் கழுவிக்கொள்ளும். சாரம் கட்டி, பழைய ஃபிளெக்ஸைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரத் தம்பிக்கு இருபத்தெட்டு வயசிருக்கும். "மாடிக்குப் போங்க சார், பார்த்து, படி ஒண்ணு இல்ல" என்று அனுப்பிவைத்தார். படங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால், தெருவில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபிளெக்ஸுக்குப் பின்னால் தகர போர்டு. தகர போர்டுக்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் சுண்ணாம்பு எழுத்துகள்! பேர் இருந்த இடத்தில் யாரோ கம்பி அடித்துப் பாதி உதிர்ந்திருந்தது. மிச்சம், '...ன் & சன்ஸ், தீப்பெட்டி மொத்த விலை வியாபாரம்.' 'விலை'யில் இருந்த 'லை' இப்போது நாம் எழுதுகிற லை அல்ல. தும்பிக்கையைத் தூக்கிய பழைய லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும் போன லை. அப்படியானால் எழுத்து அதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும்.

"எங்க தாத்தா இங்கதான் பாக்கெட் கட்டினாரு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். யாரும் கேட்காமலே இன்னொருவர், அந்த முதலாளி வெற்றிலை போட்டுத் துப்புவதற்கென்றே ஒரு பையனை வைத்திருந்தார் என்றார். துப்புவதற்கா, துப்பியதைத் துடைப்பதற்கா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது.

எனக்கு ஒரு பிரச்னை. மேற்குப் பார்த்த சுவர், முழுக்க நிழலில் இருந்தது. புடைப்பெழுத்து நிழலில் சப்பென்று இருக்கும். பன்னிரண்டரை மணி தாண்டினால் வெயில் உச்சியிலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே கறுப்பாக நிழல் விழும், உளி அடித்த தடம்கூடத் தெரியும். அரைமணி நேரம்தான். அப்புறம் வெயில் நேராக அடித்துக் கெடுத்துவிடும். மணி பதினொன்று. தம்பியிடம் கேட்டேன். "சார், நாலு ஆள் கூலி ஓடுது. ஒரு மணிக்கு ஷீட் ஏறியாகணும். அதுக்குள்ள எடுத்துக்குங்க" என்றார். எழுத்தின் மேல் ஓட்டை போடாமல் ஃபிரேமை ஒரு சாண் தள்ளி அடிக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். "நீங்க ஒரு நாள் வருவீங்க, போட்டோ எடுப்பீங்க, போயிடுவீங்க. போன ஐப்பசில இந்தச் சுவர்ல தண்ணி இறங்கி எனக்கு எட்டு செல்லு போச்சு சார்!"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வது நியாயம். எனக்கு ஏ.சி.பி. மேல் ஒரே ஒரு கோபம்தான் உண்டு. ஜன்னலையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மாடி வெந்து, அப்புறம் ஏ.சி. வாங்குகிறார்கள். வேலூர் ஜில்லா வெயிலில் இது என்ன கணக்கோ!

பன்னிரண்டு நாற்பதுக்கு வெயில் எழுத்தைத் தொட்டது. சாரத்தில் இருந்த ஆட்கள் அவர்களாகவே நகர்ந்து உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை. தன் செல்லில் நாலு படம் எடுத்துக்கொண்டார். ஒன்றே காலுக்கு ஷீட் ஏறியது. ஃபிரேமை ஒரு சாண் தள்ளித்தான் அடித்திருந்தார்கள். எனக்காகவா, அங்கே சுவர் பொத்தலாக இருந்ததாலா என்று கேட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வேலையை எனக்கு ரொம்ப முன்னால், ரொம்பப் பெரிய அளவில் ஒருவர் செய்திருக்கிறார். பாரீஸில் ஆழே என்று ஒருவர். ஏறக்குறைய முப்பது வருஷம், கனமான மரக் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போய், பழைய கடை வாசல்களையும் சந்துகளையும் எடுத்தார். வீட்டு வாசலில் போர்டு: 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்.' தன் படத்தைக் கலை என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. 1926-ல் ஒரு பத்திரிகை அவர் படத்தைப் போட்டபோது பேர் போடாதீர்கள் என்றாராம். 1927-ல் இறந்தார். பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண்மணி மிச்சத் தகடுகளை வாங்கிக் காப்பாற்றினார். அதோடு நிற்காமல் நியூயார்க் தெருக்களையும் அதே மாதிரி எடுத்து, 1939-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ம் தேதி எரிந்துபோனது. சென்ட்ரல் பக்கத்தில் இப்போது அதன் சின்ன பொம்மை மாடல் ஒன்று இருக்கிறது. நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் மூர் மார்க்கெட்டில் புத்தகம் பேரம் பேசியவர்களிடம் ஒரு பழைய போட்டோவைக் காட்டிப் பாருங்கள். எந்த வாசலில் எந்தக் கடை என்று விரல் தானாக ஓடும்.

குடியாத்தத்துக்கு வருவோம். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயசு, நெற்றியில் விபூதி, ரொம்ப மரியாதை. "சார், பெரியப்பா உங்ககிட்ட ஒரு கதை சொல்லியிருப்பாரு. எங்க பக்கக் கதையும் கேட்டுட்டுப் போங்க."

தம்பி மகன்! அவர் கதைப்படி, 1938 என்கிற வருஷம் முதலில் கீழ்த்தளத்துக் கைப்பிடிச் சுவரில்தான் இருந்தது. 1962-ல் மாடி கட்டியபோது, பழசு போகக்கூடாது என்று அவர் அப்பாதான் சிங்கங்களோடு சேர்த்து அதைப் பெயர்த்து மேலே வைத்தார். "எங்க அப்பாவோட நல்ல மனசே எங்களுக்கு எதிர்சாட்சியா ஆயிடுச்சு சார்" என்றார். வேடிக்கைதான், ஆனால் அவர் சிரிக்கவில்லை.

மாடிக்குக் கூட்டிப் போனார். பின்பக்க அறையின் கூரையைக் காட்டினார். சந்தேகமே இல்லை, காங்கிரீட். "பாத்தீங்களா?" என்றார். முன்பக்க அறைக்கு வந்தோம். அண்ணாந்து பார்த்தேன். தேக்கு விட்டம், கோணல் செங்கல், மெட்ராஸ் டெரஸ். "இது?" என்றேன். "அதான் எங்களுக்கும் புரியல" என்றார் தம்பி மகன். உண்மையாகவே புரியாத முகம்.

என் யூகத்தைச் சொல்ல நான் இஞ்சினியர் அல்ல. முன்பாதி அப்பா கட்டியது, பின்பாதி பிள்ளை கட்டியது என்று கூரை சொல்கிற மாதிரி இருந்தது. 1962-லும் யாராவது வயசான கொத்தனார் மெட்ராஸ் டெரஸ் போட்டிருக்கலாம். சுண்ணாம்புக்கு வாய் கிடையாது. எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டு கூரை, இரண்டும் சேருகிற இடத்தில் ஓடிய விரிசல், வராந்தா, பெயர்த்து வைத்ததாகச் சொல்லப்பட்ட சிங்கங்களின் பாதம். பாதத்தைச் சுற்றி சிமெண்ட் பூச்சு இருந்தது. அதையும் எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே செட் கொடுப்பேன், ஒருவருக்குக் காட்டாததை இன்னொருவருக்குக் காட்டமாட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். இறங்கும்போது மரக் கிராதியைத் தடவிக்கொண்டே, "சிரசு அன்னிக்கு நாங்க பசங்கள்லாம் இங்கதான் சார். பெரியப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்குவாரு" என்றார்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை மட்டும் மாலைகளுக்கு நடுவே ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருந்தும். வழியெல்லாம் தேங்காய் உடையும். கூட்டத்தில் கீழே நின்றால் பக்கத்து ஆளின் முதுகு மட்டும் தெரியும். மாடி இருக்கிறவன் பாக்கியசாலி.

திரும்பும்போது பேரணாம்பட்டு சுற்றி ஆம்பூர் வந்தேன். பிரியாணிக்காக என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது போனது. ஹைவேயில் வரிசையாக ஷூ கடைகள், எல்லாம் கண்ணாடி முகப்பு. பழைய தோல் மண்டிகள் சந்துகளில் இருக்கின்றன. 1996-ல் சுப்ரீம் கோர்ட் பாலாற்றுக் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகு இந்தத் தொழிலின் கதையே வேறு. அதற்குத் தனியாக ஒரு தரம் வர வேண்டும். வெளிச்சம் போய்விட்டது. கத்திரிக்காய் நன்றாக இருந்தது.

ஒரு மாசம் கழித்து, பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாடியை ஏ.சி.பி. ஷீட் மூடியிருந்தது. சிவப்பில் வெள்ளை எழுத்து, ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்துக்குப் பின்னால்தான் 1938 இருக்க வேண்டும். கீழே பலகைகள் அப்படியே இருந்தன.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பின்பக்கக் கூரைப் படம் வந்ததும் நிமிர்ந்தார். "அவன் காட்டினானா?"

"ஆமாம். அவருக்கும் இதே செட்தான் கொடுக்கிறேன்."

ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மாடி வராந்தா படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "எங்கம்மா இந்தத் தூணாண்டதான் குந்தும். கையில ஒரு கூடை வச்சிருக்கும், மேலேர்ந்து பூ போட" என்றார். பூ எவ்வளவு போட்டார்கள் என்றோ, எந்த வருஷம் என்றோ நான் கேட்கவில்லை. 1962-க்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடும்.

அப்புறம் வக்கீல் ஆபீஸ். வக்கீல் படங்களைப் பார்த்துவிட்டு, "நெகடிவ்?" என்றார். டிஜிட்டல் என்றேன். "அப்ப சர்டிபிகேட் வேணும்" என்று ஒரு பாரத்தை நீட்டினார். முன்னே இதை 65-பி என்பார்கள். 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பேரே மாறிவிட்டது. பாரதிய சாக்ஷிய அதினியம், 63-ம் பிரிவு. எந்தக் காமிரா, என்ன மாடல், சீரியல் நம்பர், அன்றைக்குக் காமிரா ஒழுங்காக வேலை செய்ததா, ஹாஷ் என்று படத்துக்கு விரல்ரேகை மாதிரி ஒரு முழ நீள எண், நிபுணர் ஒருவரின் கையெழுத்து வேறு. எதிர்த்தரப்பு வக்கீலும் அதையே கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு தரப்புக்கும் ஒரே சாட்சி நான்!

'காமிராவை இயக்கியவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் என் படத்தை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

படி இறங்கும்போது பெரியவர் தோளில் கை வைத்தார். "வாய்தாவுக்கு கூப்பிட்டா வருவீங்களா சார்?"

"வராமல்?"

"வந்தா காமிரா எடுத்தாங்க. கோர்ட்டுக்கு எதுக்கால ஒரு டீக்கடை கீது. ஒம்போது பலகை. ஒண்ணு கூட களவு போகல."